இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குப்பியும்

பாம்பு கடித்தவரை வார்டில் படுக்கவைத்ததும் கையிலிருந்து இரண்டு மில்லிலீட்டர் இரத்தம் எடுப்பார்கள். அதைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குப்பியில் விட்டு மேசையில் வைத்துவிடுவார்கள். யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. சரியாக இருபது நிமிடம் கழித்து ஒருவர் வந்து குப்பியை ஒருதரம் சரித்துப் பார்ப்பார். உள்ளே இரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணி மாதிரி வழிந்தால், அந்த ஆள் உடம்புக்குள்ளே ஏதோ பெரிய வேலை நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

முந்தின வருசம் எங்க பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த இருபது நிமிடத்தைப் பார்த்தேன். கொழுந்து மலையில் தேயிலைத் தூருக்குக் கீழே கால் வைத்த இடத்தில் கடிச்சிருச்சு. ஒரு முழத்துக்கும் குறைவான பாம்பு. கூட இருந்தவங்க அடிச்சு, ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டு வந்தாங்க. முதலில் காட்டிய இடத்தில், "கோப்பி விரியன்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி இரண்டு பெனடோலோடு லயத்துக்கு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில் பல் விளக்கும்போது ஈறிலிருந்து வந்த இரத்தம் நிற்கவே இல்லை. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, குப்பி, இருபது நிமிடம். இரத்தம் வழிந்தது. (பெரியம்மா இப்போ நல்லாத்தான் இருக்காங்க. முதல்லயே சொல்லிடுறேன், கட்டுரை முடியும் வரைக்கும் நீங்க பயந்துகொண்டு இருக்க வேண்டாம்.)

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். விஞ்ஞானம் ஓ.எல்.லோட முடிஞ்சது. ஆனா அன்றைக்கு அந்தக் குப்பியைப் பார்த்தபோது இரண்டு கேள்வி வந்தது. விஷம் இரத்தத்தை உறையாமல் ஆக்குவது எப்படி? "ஒண்ணும் ஆகாது" என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது? இரண்டுமே வரலாற்றுக் கேள்விகள்தான் என்று பிறகு தெரிந்தது.

முதல் கேள்விக்கான பதில் தலைகீழானது. விஷம் இரத்தத்தை உறையாமல் ஆக்குவதில்லை, உறையத்தான் வைக்கிறது. நாளங்களுக்குள்ளேயே, தேவையே இல்லாத நேரத்தில், உறைவதற்கு என்று உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சரக்கு முழுவதையும் செலவழித்துவிடுகிறது. பிறகு உண்மையாகவே ஒரு காயம் பட்டால் அடைக்க எதுவும் மிச்சமில்லை. சம்பளம் போட்ட அன்றே யாரோ முழுவதையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தால் மாசக் கடைசியில் வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான்.

இதைப் பார்த்தவர்கள் நீண்ட காலம் குழம்பியிருக்கிறார்கள். இத்தாலியில் ஃபெலிச்சே ஃபொன்தானா என்பவர் விரியன் விஷத்தை முயல்களின் கழுத்து நாளத்தில் நேரடியாக ஏற்றிப் பார்த்தார். அவருடைய பெரிய நூல் 1781இல் வந்தது. முயல்கள் உடனே செத்தன, உள்ளே இரத்தம் உறைந்து கிடந்தது. ஆனால் பாம்பு கடித்துச் சாகிற மனிதர்களிடம் மற்றவர்கள் கண்டது உறையாத இரத்தத்தை. எது சரி? 1890களில் சிட்னியில் சி. ஜே. மார்ட்டின் அவுஸ்திரேலியக் கறுப்புப் பாம்பின் விஷத்தைக் கொண்டு முடிச்சை அவிழ்த்தார். நிறைய விஷம் சட்டென்று நாளத்துக்குள் போனால் இரத்தம் உள்ளேயே கட்டியாகி உயிர் போகிறது. கொஞ்சமாகவோ மெதுவாகவோ போனால் இரத்தம் உறையும் சக்தியை இழந்துவிடுகிறது. இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு முகம். 1903இல் பம்பாய் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் லாம்ப் கண்ணாடி விரியனின் விஷத்தைப் பிளாஸ்மாவோடு சேர்த்துப் பரிசோதித்தார். அந்த விஷம் எவ்வளவு பலமாக உறைய வைக்கிறது என்பது ஆவணமானது.

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பேர் பட்ரிக் ரஸல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியருடையது. கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1780களில் விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்தவர். கோரமண்டல் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796இல் வந்தது. கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு நிமிடக் கணக்கு எழுதினார். அந்தக் காலத்தில் கம்பனிக்காரர்களிடையே பிரபலமாக இருந்த ஒரு மருந்தையும் சோதித்தார். அதுக்குப் பேர் தஞ்சாவூர் மாத்திரை! அதன் முக்கிய சரக்கு பாஷாணம், அதாவது ஆர்செனிக். விஷக்கடிக்கு விஷம். அதை விழுங்கிப் பிழைத்தவர்கள் பாம்பிடமிருந்தும் மாத்திரையிடமிருந்தும் சேர்த்துத் தப்பினவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கதை சூடு பிடிப்பது 1934இல், லண்டனில். ரொபர்ட் மக்ஃபார்லேன் அப்போது இளம் வைத்தியர். இரத்தம் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாக இருந்த பர்ஜஸ் பானெட்டும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் பல பாம்புகளின் விஷத்தை எடுத்து ஹீமோஃபிலியா நோயாளிகளின் இரத்தத்தில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் வென்றது நம்ம பக்கத்துக் கண்ணாடி விரியன். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தாலும் இரத்தம் நொடிகளில் உறைந்தது. பல் பிடுங்கிய குழியில் பஞ்சில் நனைத்து வைத்தார்கள், இரத்தம் நின்றது. பிறகு பரோஸ் வெல்கம் கம்பனி அதை 'ஸ்டிப்வென்' என்ற பேரில் போத்தலில் அடைத்து விற்றது. வயலிலும் தோட்டத்திலும் ஆட்களைக் கொன்ற அதே விஷம்!

அது ஏன் வேலை செய்தது என்பதில்தான் உறைதல் காரணிகளின் கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், நானும் மூன்று தரம் வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

இரத்தம் உறைவது ஒரே அடியில் நடக்கும் காரியம் இல்லை. ஒரு காரணி அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை. ஒவ்வொரு படியிலும் அளவு பெருகும். ரோம இலக்கத்தில் எண் போட்டிருக்கிறார்கள்: ஒன்று முதல் பதின்மூன்று வரை. (ஆறாவது இல்லை. ஒன்றைப் புதுசு என்று நினைத்து எண் கொடுத்துவிட்டார்கள், பிறகு பார்த்தால் அது ஐந்தாவதின் இன்னொரு வடிவம். எண் காலியாகவே நின்றுவிட்டது.) பல காரணிகளுக்கு நோயாளிகளின் பேர். ஒன்பதாவது கிறிஸ்மஸ் காரணி. பண்டிகை இல்லை, ஸ்டீவன் கிறிஸ்மஸ் என்ற பையனின் பேர். பத்தாவது ஸ்டுவர்ட்-ப்ரோவர் காரணி, இரண்டு நோயாளிகள். யாரிடம் ஒன்று இல்லையோ அவரிடமிருந்துதான் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரிய வந்தது. இல்லாமையை வைத்து இருப்பைக் கண்டுபிடிக்கிற இந்த முறை எனக்குப் பிடிச்சிருக்கு. தோட்டத்து வரலாறும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஆவணத்தில் யார் இல்லை என்று பார்த்து.

1964இல் இந்தச் சங்கிலியை முழுசாக வரைந்து காட்டினவர்களில் ஒருவர் அதே மக்ஃபார்லேன். அதே வருசம் அமெரிக்காவில் டேவியும் ரட்னொஃபும் கிட்டத்தட்ட அதையே எழுதினார்கள். இரு தரப்பும் வைத்த பேர் அருவி. மலையில் பிறந்தவங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேலே ஒரு சின்னக் கீற்று, பாறைக்குப் பாறை விழுந்து, கீழே இரைச்சல்.

உடம்பில் ஒரு வெட்டு விழுந்தால் தண்ணீர் மேலிருந்து வரும். திசுக் காரணி எனப்படும் மூன்றாவது, ஏழாவதோடு சேர்ந்து பத்தாவதை எழுப்பும். எட்டாவதும் ஒன்பதாவதும் இன்னொரு பக்கத்தால் பத்தாவதுக்கு வந்து சேரும். பத்தாவது, ஐந்தாவதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவதான புரோத்ரொம்பினைத் த்ரொம்பினாக வெட்டும். த்ரொம்பின், முதலாவதான ஃபைப்ரினோஜனை நூலாக்கும். அந்த நூல்தான் வலை, வலைதான் கட்டி. கண்ணாடி விரியனின் விஷத்தில் இரண்டு புரதம் இருக்கிறது. ஒன்று நேராகப் பத்தாவதை வெட்டி எழுப்புகிறது, மற்றது ஐந்தாவதை. அருவியின் உச்சிக்குப் போகாமல் நடுப்பாறையிலேயே மதகைத் திறந்துவிட்ட மாதிரி. ஹீமோஃபிலியாக்காரரிடம் குறைவாக இருப்பது எட்டாவதோ ஒன்பதாவதோதான், இரண்டும் பத்தாவதுக்கு மேலே. விஷம் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் பஞ்சு வேலை செய்தது. பல் குழியில் ஒரு சொட்டு என்றால் மருந்து. நாளம் முழுக்க ஓடினால், சில மணி நேரத்தில் ஃபைப்ரினோஜன் கிட்டத்தட்டப் பூச்சியம்.

வைத்தியப் புத்தகங்களில் இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று இருக்கிறது. இரத்தத்தில் கிருமி பரவும்போதும், பிரசவத்துக்கு முன்னே நஞ்சுக்கொடி கழன்றுவிடும்போதும் நாளங்களுக்குள் பரவலாக இரத்தம் உறையும். அங்கே தொடக்கிவைப்பது உடம்பின் சொந்தத் திசுக் காரணி. சின்னச் சின்னக் கட்டிகள் உறுப்புகளை அடைக்கும், மூல நோய் தீரும் வரை அது நிற்காது. பாம்புக்கடியில் தொடக்கிவைப்பது வெளியிலிருந்து வந்த ஒரு வெட்டும் கத்தி, கத்தி போனால் காரியமும் நின்றுவிடும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்று அவுஸ்திரேலியாவில் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர் போன்றவர்கள் வாதாடி, பாம்புக்கடிக்குத் தனிப் பேரே வைத்தார்கள். பேர்ச் சண்டை மாதிரித் தெரியலாம். ஆனால் அதில் ஒரு நடைமுறை இருக்கிறது. விஷமுறிவு மருந்து கத்தியைப் பிடுங்கலாம், செலவான காரணிகளைத் திருப்பித் தராது. அவற்றை ஈரல்தான் புதுசாகச் செய்ய வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். அதனால்தான் வார்டில் குப்பிச் சோதனையை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பச் செய்கிறார்கள்.

இனி அந்தக் குப்பி. இந்தச் சோதனையைப் பாம்புக்கடிக்கு இந்த வடிவில் பரப்பியவர்கள் 1970களில் நைஜீரியாவில் வேலை செய்த டேவிட் வாரெலும் அவருடைய கூட்டாளிகளும். ஆய்வுகூடம் இல்லாத கிராம ஆஸ்பத்திரிக்காக. அது கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பன்னிரண்டாவது காரணி கண்ணாடியின் மேற்பரப்பைத் தொட்டதும் எழும்பி உறைதலைத் தொடக்கும், பிளாஸ்டிக்கில் அப்படி நடக்காது. பழைய குப்பியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தாலும் நடக்காது. அப்போ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாத ஆளுக்கு மருந்து ஏறும். பன்னிரண்டாவது காரணிக்கு வந்த பேர் ஜோன் ஹேஜ்மன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளியுடையது. அவருடைய இரத்தம் கண்ணாடியில் உறைவதே இல்லை. ஆனா மனுசனுக்கு இரத்தப்போக்கு என்று ஒன்றும் வந்ததில்லை. கடைசியில் 1968இல், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்துத்தான் இறந்தார். கண்ணாடிக் குப்பி உடம்பு இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேணும்.

இப்போ இரண்டாவது கேள்வி. "ஒண்ணும் ஆகாது."

றக்வான மலைகள் சிங்கராஜக் காட்டுக்குக் கிழக்கே இருக்கின்றன. மேலே தேயிலை, இறங்கினால் றப்பர், இடையில் காட்டுத் துண்டுகள். 1869இல் இலங்கைக்கு இலை நோய் வந்து கோப்பியை அழிக்கும் வரைக்கும் இங்கேயும் கோப்பிதான். கோப்பி போய் நூறு வருசத்துக்கு மேலாகியும் பாம்பின் பேரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா. மூக்கு நுனி மேலே தூக்கின, சருகு நிறத்துச் சின்னப் பாம்பு. சருகுக்குள் அசையாமல் சுருண்டிருக்கும். கொழுந்துக்காரி நிரையில் போகும்போது கைக்கு வாகாகத் தளிரைத்தான் பார்ப்பாள். தன் பாதம் எங்கே விழுகிறது என்பதைத் தேயிலைச் செடியே மறைத்துவிடும். விறகுக்குப் போகிறவர்கள், விடிகிறதுக்கு முன்னே றப்பர் வெட்டப் போகிறவர்கள், எல்லாருக்கும் இதே கதை.

இந்தப் பாம்பு கடித்தால் வீங்கும், வலிக்கும், அவ்வளவுதான் என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியது. பாம்பை அடையாளம் கண்டு உறுதிப்படுத்தி, இரத்த உறைதல் கெட்டுச் சிறுநீரகமும் செயலிழந்த ஒரு இலங்கை நோயாளியைப் பற்றி முதன்முதலில் எழுதப்பட்டது 1994இல். அதற்கு முன்னே ஒருவருக்கும் ஆகவில்லையா? லயத்தில் இறந்தவங்களின் இரத்தத்தைக் குப்பியில் விட்டுப் பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்துக்குத் துரைமாரைப் பொறுப்பாக்கியது உண்மைதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கலக்கித் தந்த மருந்துத் தண்ணியைப் பற்றி அம்மாயி இன்றைக்கும் சிரிச்சுக்கொண்டே சொல்லுவாங்க, எல்லா வியாதிக்கும் ஒரே போத்தல் என்று.

2008இல் கிறிஸ்டீன் அரியரட்ணமும் அவருடைய குழுவும் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. பாம்பையும் கையோடு கொண்டுவந்த 860 பேரைப் பார்த்ததில் 302 பேரைக் கடித்தது இந்தக் கோப்பி விரியன் வகைதான். பத்தில் நாலு பேருக்குக் கிட்ட இரத்த உறைதல் கெட்டிருந்தது, பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதித்தது, ஐந்து பேர் இறந்தார்கள். தலைப்பிலேயே அவர்கள் எழுதிய இன்னொரு விசயம்: பயன் தரும் விஷமுறிவு மருந்து இல்லை. அடுத்த வருசம் 2009இல் மதுவகேயும் கூட்டாளிகளும் இது ஒரே பாம்பு இல்லை, மூன்று இனம் என்று பிரித்துக் காட்டினார்கள்.

மருந்து ஏன் இல்லை? இலங்கைக்கு வரும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது, 1978இல் தொடங்கிய சங்கம். தோலுக்காகப் பாம்பு பிடிப்பது தடையானபோது பிழைப்பை இழந்த இருளர்கள், பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் தொழிலாக அதை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எடுப்பது நாலு பாம்பின் விஷம்: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்கிற 'பெரிய நாலு'. கோப்பி விரியன் அந்தப் பட்டியலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சுருட்டை விரியன் வடக்கின் வறண்ட மணல் நிலத்துப் பாம்பு, றக்வானயின் மழைக்கு அது வரவே வராது. எங்க ஆஸ்பத்திரி அலமாரியில் உள்ள குப்பிக்குள் இங்கே இல்லாத பாம்புக்கு மருந்து இருக்கிறது, லயத்துக்குப் பின்னால் இருக்கிற பாம்புக்கு இல்லை. அந்த மருந்து பலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் தரும், அதனால் "எதுக்கும் போட்டு வைப்போம்" என்று போடவும் முடியாது. கடைசியில் கொடுப்பது பிளாஸ்மா, தேவைப்பட்டால் சிறுநீரகத்துக்கு டயலிசிஸ், மிச்சம் காத்திருப்பு.

இந்த இடத்தில்தான் கதை கடல் தாண்டுகிறது. கோப்பி விரியனுக்கு மிக நெருங்கிய உறவுப் பாம்பு இலங்கையிலோ இந்தியாவிலோ இல்லை. மலாயாக் குழிவிரியன்தான் அது. பினாங்கு ஆஸ்பத்திரியில் வேலை செய்த அலிஸ்டெயர் ரீட், 1963இல் அந்தப் பாம்பு கடித்தவர்களைப் பற்றி எழுதினார். மலாயாவின் வடமேற்கு றப்பர் தோட்டங்களின் பக்கம் அது நிறைய. இரத்தம் நாட்கணக்காக உறையாமல் இருந்தும் பலர் பெரிதாக இரத்தம் சிந்தவில்லை என்பதை அவர் கவனித்தார். அந்த விஷம் பத்தாவதை எழுப்புவதில்லை. அருவியின் கடைசிப் பாறைக்கே போய், த்ரொம்பின் மாதிரி நடித்து, ஃபைப்ரினோஜனைத் தானே அரைகுறையாக நூலாக்கிவிடுகிறது. அதிலிருந்து 'ஆர்வின்' என்று இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற மருந்துகூடச் செய்தார்கள். கோப்பி விரியனின் விஷமும் இதே ரகம்.

மலாயா றப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் கண்டிக்கும் ஒரு தம்பி பினாங்குக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. இரண்டு பேரும் வெறுங்காலோடு ஒரே குடும்பத்துப் பாம்புகளின் மேல் நடந்திருக்கிறார்கள்! 2011இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, மலாயாக் குழிவிரியனுக்காகத் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் செய்யும் மருந்து கோப்பி விரியனின் விஷத்தையும் முறிக்கிறது என்று சோதனைக்குழாயிலும் எலிகளிலும் காட்டியது. அந்தக் குழுவில் அரியரட்ணத்தின் பேரும் இருக்கிறது.

அதாவது வழி தெரியாத விசயமில்லை இது. 2012-13இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கின்படி இலங்கையில் ஒரு வருசத்தில் 80,000 பேருக்கு மேல் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 400க்கு மேல் இறக்கிறார்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபட்டுப் பிழைத்து, சிறுநீரகம் பாதியாகி, "மலைக்குப் போக ஏலாது" என்று பேர் வெட்டுப்படுகிற ஆட்கள் இந்த இலக்கங்களில் எந்த வரியில் வருகிறார்கள் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஐந்தாவது தரம் வைத்த குப்பி உறைந்தது. தாதி அதைத் தலைகீழாகக் கவிழ்த்து எங்களுக்குக் காட்டினாங்க, ஒரு சொட்டும் விழவில்லை. அடுத்த மாசம் பெரியம்மா மலைக்குப் போனபோது மகன் வாங்கிக் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாங்க. இரண்டு நாள்தான். ஏற்றத்தில் வழுக்குது, கொழுந்து கிலோவும் குறையுது என்று கழற்றி ஸ்தோப்பில் வைத்தாச்சு. இப்போ அதில் பூனை குட்டி போட்டிருக்கு.